பட்டனை அமுக்கினா பதிலே இல்லையா?

உங்க வீட்டு டெஸ்க்டாப் திடீர்னு ஒருநாள் உயிரே இல்லாம உட்கார்ந்திருந்தா என்ன பண்ணுவீங்க? 'மெக்கானிக்கைக் கூப்பிடுவேன்'னு சொல்றவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. முதல் கை என்னோடதுதான். இத்தனைக்கும் நான் படிக்கிறது ட்ரிபிள்-இ, மூணாவது வருஷம்!

எங்க ஊர் கும்பகோணம். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஒரு டி.டி.பி. கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரின்டர், ஒரே ஒரு டெஸ்க்டாப். அவ்வளவுதான் மொத்த சொத்து. இன்னமும் பேஜ்மேக்கர்லதான் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ணுவார். ஆவணி முகூர்த்த சீஸன், பதினோரு பத்திரிகை பாதியில நிக்குது. அந்த நேரம் பார்த்து ஒரு சனிக்கிழமை காலைல, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு அப்பா சி.பி.யூ. பட்டனை அமுக்கினார். ஃபேன் சத்தம் இல்லை. லைட் இல்லை. இன்னொரு தடவை அமுக்கினார். ம்ஹூம்.

மத்தியானம் மெக்கானிக் வந்தார். அவரும் பட்டனை நாலு தடவை அமுக்கினார். பக்கத்து மூடியைக்கூடக் கழட்டலை. "மதர்போர்டு அடிச்சிருச்சு சார். இந்த மாடல் போர்டு இப்ப கிடைக்காது. போர்டு, ப்ராசஸர், ராம் மூணையும் சேர்த்து மாத்தணும். பதினாலாயிரம் ஆகும்"னார். "எஸ்.எம்.பி.எஸ். செக் பண்ணீங்களாண்ணா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா"ன்னுட்டு பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டார்.

புரியாதுதான். அதான் சுருக்குனு குத்துச்சு. ட்ரான்ஸ்ஃபார்மர் ஈக்வேஷனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள கரன்ட் எந்த வழியாப் போகுதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி அம்மா கழுத்துச் செயினைக் கழட்டி சாமி ரூம்ல வெச்சாங்க. திங்கட்கிழமை அடகுக் கடைக்குப் போறதுக்கு.

ஞாயித்துக்கிழமை காலைல எங்க காலேஜ் மெஷின்ஸ் லேப்ல இருக்கிற லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கு போன் போட்டேன். "அண்ணா, மதர்போர்டு போயிடுச்சாம்..."னு ஆரம்பிச்சதுமே தடுத்துட்டார்.

"என்ன போச்சுன்னு சொல்லாதம்மா. என்ன நடக்குது, என்ன நடக்கலை, அதை மட்டும் சொல்லு."

மூணு விதமான 'ஆன் ஆகலை'

கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னு நாம பொத்தாம்பொதுவா சொல்றோம். அதுல மூணு வகை இருக்காம்.

முதல் வகை: ஃபேன், லைட், சத்தம் எதுவுமே இல்லை. கரன்ட் வர்ற பாதையில எங்கேயோ கோளாறு. ரெண்டாவது வகை: ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா மானிட்டர் கறுப்பு. இதுல பவர் வந்தாச்சு. முதல்ல சந்தேகப்பட வேண்டியது மானிட்டர் கேபிள், ராம், கிராஃபிக்ஸ் கார்டு. மூணாவது வகை: ஒரு செகண்ட் ஃபேன் சுத்திட்டு டக்குனு நின்னுடும். எங்கேயாவது ஷார்ட் ஆகியிருக்கலாம், இல்லை ப்ராசஸருக்குப் போற தனி பவர் கனெக்டர் லூஸா இருக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். தன்னைத்தானே காப்பாத்திக்க ஆஃப் ஆகிடும்.

எங்களோடது முதல் வகை. "சரி, சுவத்துலேர்ந்து ஆரம்பி. கரன்ட் வர்ற வழியிலயே நட. எங்கே நிக்குதுன்னு பாரு. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. ரெண்டை சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது"ன்னார் அண்ணன்.

சுவர் டு சி.பி.யூ.

பிளக் பாயின்ட்ல மொபைல் சார்ஜரைச் சொருகினேன். சார்ஜ் ஏறுச்சு. பாயின்ட் பாஸ்!

அடுத்தது யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ். சிலது, கரன்ட் இருந்தாலுமே ஆன் ஆகாது. பழி என்னவோ கம்ப்யூட்டர் மேலதான் விழும். அதனால யு.பி.எஸ்., ஸ்பைக் பஸ்டர் ரெண்டையும் விட்டுட்டு நேரா சுவர் பாயின்ட்ல கொடுத்துப் பார்க்கணும். பார்த்தேன். மாற்றம் இல்லை.

மூணாவது, பவர் கார்டு. பல மானிட்டர்களுக்கும் சி.பி.யூ.வுக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர்ல நல்லா வேலை செய்யற கார்டை உருவி சி.பி.யூ.வுல சொருகினேன். அப்பவும் இல்லை. சும்மா கிடந்த கார்டை வெச்சே ஒரு டெஸ்ட் முடிஞ்சுது, செலவு பூஜ்யம்!

நாலாவது, சி.பி.யூ. பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ். மேல இருக்கிற குட்டி ஸ்விட்ச். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தா ஆன், வட்டம் போட்ட பக்கம்னா ஆஃப். ஒட்டடை அடிக்கும்போது கை பட்டு ஆஃப் ஆகிடறது ரொம்ப சகஜமாம். எங்களோடது ஆன்லதான் இருந்துச்சு.

அஞ்சாவது வைத்தியம் கொஞ்சம் வேடிக்கையானது. கார்டை மொத்தமா உருவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். வோல்டேஜ் எகிறினா எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கிட்டு அப்படியே நின்னுடறது உண்டு. மிச்சம் மீதி இருக்கிற சார்ஜ் வடிஞ்சா பூட்டு திறக்கும். பவர் கட் ஆகித் திரும்ப கரன்ட் வந்ததும் கம்ப்யூட்டர் 'செத்துப்போறதுல' சிலது இப்படித்தான் பிழைச்சுக்குதாம். எங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

பெட்டிக்குள்ளே ஒரு பச்சை வெளிச்சம்

"இப்ப மூடியைக் கழட்டு. அதுக்கு முன்னாடி கார்டை உருவிடு. கேபினெட்டோட இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் உள்ளே கை விடு. உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் சார்ஜ் சிப்பை அடிச்சுடும்"னார்.

ரெண்டு ஸ்க்ரூ. மூடியைத் திறந்தா உள்ளே மூணு வருஷத்துத் தூசி! பிரஷ்ஷால தட்டிட்டு, எல்லா கனெக்டரையும் ஒருமுறை அழுத்திவிட்டேன். போர்டுல இருக்கிற கெபாஸிட்டர்கள் எதுவும் தலை உப்பியிருக்கா, கசிஞ்சிருக்கான்னு பார்க்கச் சொன்னார். இல்லை. கருகின வாசனை வருதான்னு கேட்டார். அதுவும் இல்லை. "இப்ப கையை எடுத்துட்டு கார்டை மட்டும் சொருகு. பட்டனைத் தொடாதே. போர்டுல எங்கேயாவது சின்னதா ஒரு லைட் எரியுதா?"

எரிஞ்சுது. மூலையில கடுகு சைஸுல ஒரு பச்சை எல்.இ.டி.!

"அண்ணா, எரியுது!"

"அப்ப எஸ்.எம்.பி.எஸ். முழுசா சாகலைம்மா."

விஷயம் இதுதான். கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கும்போதும், பின் ஸ்விட்ச் ஆன்ல இருந்தா எஸ்.எம்.பி.எஸ். முழுசாத் தூங்காது. 5 வோல்ட் ஸ்டாண்ட்பைனு ஒண்ணை விடாம போர்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும். எல்லா போர்டுலயும் இந்த லைட் கிடையாது. ஆனா இருந்து, அது எரிஞ்சா, 230 வோல்ட் உள்ளே வந்து, 5 வோல்ட்டா மாறி, போர்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தாச்சுன்னு அர்த்தம். சுவத்துலேர்ந்து போர்டு வரைக்கும் பாதை கிளியர்!

அது ஸ்விட்ச் இல்லை... காலிங் பெல்!

அடுத்து அவர் சொன்னதுதான் என் மரமண்டையில பல்ப் எரிய வெச்சது.

ஃபேன் ஸ்விட்சைப் போட்டா அது வழியாவே கரன்ட் ஓடும். கம்ப்யூட்டர் பவர் பட்டன் அப்படி இல்லை. அது ஒரு காலிங் பெல். அமுக்கும்போது ரெண்டு சின்ன வயரை ஒரு கணம் ஒட்டவெச்சு, 'எழுந்திரு'ன்னு மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை. தகவல் வந்ததும் மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் போற ஒரு வயரை கிரவுண்டுக்கு இழுக்கும். பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள்ல அது பச்சை வயர். அதுக்கு அப்புறம்தான் எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டுகளை முழுசாத் திறந்துவிடும். இன்டெல் 1995-ல கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை இது.

"பெல் அடிச்சா ஆள் வரலைன்னா, ஆள் செத்துட்டான்னு முடிவு பண்ணிடுவியா? முதல்ல பெல் வேலை செய்யுதான்னு பாரும்மா!"

கார்டை உருவிட்டு, பவர் பட்டன்லேர்ந்து வர்ற ரெண்டு பின் கனெக்டரைப் போர்டுலேர்ந்து கழட்டினேன். போர்டு மேனுவல்ல அந்த ரெண்டு பின் எதுன்னு படம் இருக்கும், தப்பான பின்னைத் தொட்டுடக் கூடாது. மறுபடி கார்டைச் சொருகி, ஸ்க்ரூடிரைவர் முனையால ரெண்டு பின்னையும் சேர்த்து ஒரே ஒரு கணம் தொட்டேன். அங்கே இருக்கிறது சில வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனாலும் கை நடுங்குச்சு.

உய்ய்ய்ங்...!

ஃபேன் சுத்துச்சு. ஒரு பீப். மானிட்டர்ல வெளிச்சம். அப்பா பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தார். ஒண்ணுமே பேசலை, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டார்.

மதர்போர்டுக்கு ஒண்ணுமே ஆகலை ஃப்ரெண்ட்ஸ். கேபினெட் முகப்புல இருக்கிற பட்டனுக்குள்ளே ஒரு குட்டி ஸ்விட்ச் தேஞ்சுபோயிருக்கு. தினமும் அமுக்கு, ஒவ்வொரு பவர் கட்டுக்கும் அமுக்குன்னா அதுவும்தான் என்ன பண்ணும்? புது ஸ்விட்ச் வாங்கக்கூட நாங்க போகலை. பக்கத்துல சும்மா இருந்த ரீஸ்டார்ட் பட்டனோட கனெக்டரைக் கழட்டி, பவர் பின்கள்ல சொருகச் சொன்னார் அண்ணன். ரெண்டுமே ஒரே வகை ஸ்விட்ச்தான், திருப்பிச் சொருகினாலும் தப்பில்லை. மொத்தச் செலவு: ஒரு போன் கால்.

பட்டனும் ஓகேன்னா?

எல்லாருக்கும் பட்டனோட கதை முடியாது. ஸ்க்ரூடிரைவர் தொட்டும் அசையலைன்னா, அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். தெரிஞ்சவங்ககிட்ட நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணு கடன் வாங்கி மாட்டிப் பார்க்கிறதுதான் நம்பகமான டெஸ்ட். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால இணைச்சு ஃபேன் சுத்துதான்னு பார்க்கிற வித்தையும் உண்டு. ஆனா ஃபேன் சுத்தினா மட்டும் வோல்டேஜ் சரின்னு சொல்லிட முடியாது. இப்ப வர்ற பலதுல எல்லா வயரும் கறுப்பு. அதனால பழக்கம் இருக்கிறவங்க பக்கத்துல இல்லாம இதைச் செய்யாதீங்க.

எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சரின்னா, ஹார்ட் டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, யு.எஸ்.பி. சாமான்கள் எல்லாத்தையும் கழட்டிட்டு, போர்டு, ப்ராசஸர், ஒரே ஒரு ராம் மட்டும் வெச்சு முயற்சி பண்ணணும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம சில கம்ப்யூட்டர்ல படம் வராது. பரவாயில்லை, ஃபேன் சுத்துதான்னு மட்டும் பாருங்க. சுத்துச்சுன்னா, கழட்டினதை ஒவ்வொண்ணா திரும்ப மாட்டுங்க. எதை மாட்டினதும் படுக்குதோ, அதுதான் குற்றவாளி. ஒவ்வொரு தடவையும் கார்டை உருவிட்டுத்தான் கழட்டணும், மாட்டணும். இத்தனையும் பாஸ் ஆகி அப்பவும் அசையலைன்னாதான் மதர்போர்டு, ப்ராசஸர் பேச்சே வரணும். மெக்கானிக் கடைசியா சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிட்டார், அதுதான் நடந்தது.

இதெல்லாம் கூடவே கூடாது!

* எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைப் பிரிக்காதீங்க. உள்ளே பெரிய கெபாஸிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். கார்டை உருவின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆளையே காலி பண்ணிடும்.

* பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி 115/230-ன்னு சிவப்பு ஸ்விட்ச் இருந்தா அது 230-லயே இருக்கட்டும். 115-க்குத் தள்ளி ஆன் பண்ணினா வெடிதான்.

* புகை, கருகின வாசனை, 'டப்'னு சத்தம்... எது வந்தாலும் மறுபடி ஆன் பண்ணிப் பார்க்காதீங்க.

* கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு இருந்தா எர்த்திங் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைச்சுட்டு சொருகவே சொருகாதீங்க.

* பவர் வரலைன்னு கொடுத்த மெஷினை 'ஃபார்மேட்' பண்ணணும்னு யாராவது சொன்னா, மெஷினைத் திரும்ப வாங்கிட்டு வந்துடுங்க. உங்க ப்ராஜெக்ட் எல்லாம் டிஸ்க்லதான் இருக்கு. ஆன் ஆகாததுக்கும் ஃபார்மேட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

எல்லா மெக்கானிக்கும் அந்த மாதிரி இல்லை ஃப்ரெண்ட்ஸ். மூடியைக் கழட்டி, நம்மகிட்ட நாலு கேள்வி கேட்டு, எஸ்.எம்.பி.எஸ். மாத்திப் பார்த்துட்டுப் பேசறவங்க நிறைய பேர் இருக்காங்க. நாம கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். 'எதை வெச்சு அப்படிச் சொல்றீங்கண்ணா?' இதுக்கு பதில் சொல்றவர்கிட்ட தைரியமா மெஷினைக் கொடுக்கலாம்.

அம்மா செயின் மறுபடி கழுத்துக்குப் போயிடுச்சு. பதினோரு பத்திரிகையும் நேரத்துக்குப் போச்சு. இப்ப எங்க கடை கம்ப்யூட்டரை ஆன் பண்ண ரீஸ்டார்ட் பட்டனைத்தான் அமுக்கணும். புதுசா வர்றவங்க குழம்பிடக் கூடாதுன்னு அப்பா அதுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கார். கல்யாணப் பத்திரிகை ஃபான்ட்ல, சுத்தி மாங்கா டிசைன் பார்டர் போட்டு, 'இங்கே அமுக்கவும்'!