கருவளையம்: மறைப்பதும் மாற்றுவதும்

மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வீட்டில் முதலில் ஆராயப்படுவது அவளுடைய முகம்தான். அதுவரை எவர் கண்ணிலும் படாதிருந்த கண்ணடிக் கருமையும் கன்னத்துப் பருவடுவும் அன்றுமுதல் பெரிதாகத் தெரிகின்றன. மாமியும் சாச்சியும் ஆளுக்கொரு கிரீமின் பெயரைச் சொல்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஃபேன்ஸி ஸ்டோர்களில் அவை அடுக்கடுக்காக இருக்கின்றன. கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வரும் பெண்களும் அவற்றை வாங்கிச் செல்லக் காண்கிறோம். அவற்றுக்குப் பக்கத்திலேயே சிறு குழாய்களில் 'கன்சீலர்' என்னும் மறைப்புப் பூச்சும் கிடைக்கிறது. கிரீமோ கருமையைப் போக்கிவிடுவதாகச் சொல்கிறது. கன்சீலர் மறைப்பதாக மட்டுமே சொல்கிறது. போக்குவதாகச் சொல்வதைத்தான் பெரும்பாலோர் நம்பி வாங்குகிறார்கள்.

அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் சாட்சி. அங்கே கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு 'மெம்பரனஸ் நெஃப்ரோபதி' என்னும் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. சிறுநீரகத்தின் வடிகட்டும் சவ்வு பழுதடைந்து, உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறும் நோய் இது. காலும் முகமும் வீங்கும். அந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது, அந்நோயிலேயே அரிதான ஒரே வகை. ஏன் இப்படி என்று மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்ததைச் சொன்னார்கள். கிரீமில் இருந்தது பாதரசம். பூச்சை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். அதே 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனையிட்டது.

பாதரசம் தோலின் கருநிறமி உருவாவதைத் தடுக்கிறது. ஆதலால் சில வாரங்களில் முகம் வெளுப்பது உண்மையே. ஆனால் அது தோலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டது. முகப்பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள் கூறுகின்றன. சட்டம் இருந்தும் சரக்கு வருகிறது! ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கதையும் இதுவே. 2018 முதல் மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாதென விதியிருந்தும், 'மங்குக்குக் கொடுங்கள்' என்று கேட்டால் கவுண்டரில் எடுத்து நீட்டுவோர் இருக்கிறார்கள். அவை தோலை மெலியச் செய்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக்கிவிடும்.

கன்சீலர் பிறந்த வரலாறே வேறு. முகத்தில் செந்நிறப் பிறவி மச்சத்தோடு பிறந்த லிடியா ஓலியரி என்னும் அமெரிக்கப் பெண்மணி, அதை மறைக்கத் தாமே ஒரு பூச்சை உருவாக்கி 1932இல் காப்புரிமை பெற்றார். தோலை மாற்ற அவர் முயலவில்லை. மாற்றமுடியாத ஒன்றோடு வெளியே நடமாட வழி தேடினார். டைட்டானியம் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு ஆகிய நிறப்பொடிகளை எண்ணெயும் மெழுகும் கலந்து குழைப்பதே இன்றைய கன்சீலர். காலையில் பூசினால் இரவில் கழுவ வந்துவிடும். அதன் நேர்மை அதுதான் என்று தோன்றுகிறது.

வாங்குவதற்கு முன், மறைக்கவேண்டிய கருமை எத்தகையது என்று அறிந்துகொள்வது நல்லது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழிமையை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நீலமோ ஊதாவோ கூடுதலாகத் தெரிந்தால், மெல்லிய தோலின் வழியே இரத்தக் குழாய்கள் தெரிகின்றன என்று பொருள். இழுத்தும் பழுப்பு நிறம் மாறாமல் நின்றால் அது நிறமி. பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது. முகத்தை வெளிச்சத்தை நோக்கித் தூக்கியதும் கருமை மறைந்தால் அது கண்ணடிக் குழியின் நிழல். நிழலை எந்தக் கிரீமும் வெளுக்கச் செய்யாது. இதை அறியாமல் ஆண்டுக்கணக்கில் பணம் செலவழிப்போர் பலர். சுர்மா இட்டு உறங்கும் வீடுகளில் நான்காவது வகையும் உண்டு: இரவில் கரைந்து இறங்கிய சுர்மாவே காலையில் கருவளையமாக நிற்கும். சுர்மாவில் ஈயக் கலப்பு இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

கண்ணைக் கசக்கும் ஒவ்வாமை, தூக்கக் குறைவு, இரத்தசோகை ஆகியன இவற்றை மிகைப்படுத்தும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே உதடும் இமையின் உட்புறமும் வெளுத்திருக்கும் பெண்ணுக்குக் கன்சீலர் வாங்குமுன் அரசு மருத்துவமனையில் இரத்தம் பரிசோதிப்பதே முறை.

கல்வராயன் மலையில் வெயிலில் மரவள்ளிக்குக் களையெடுக்கும் பெண்ணின் கன்னத்தில் படரும் மங்கு வேறு. அது வெயிலாலும் கர்ப்பத்தாலும் வருவது. அம்மலையின் பெயர்பெற்ற கடுக்காயை உரைத்துக் கண்ணடியில் தடவச் சொல்பவரும் உண்டு. அதே கடுக்காயின் துவர்ப்புச் சத்துத்தான் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் பதனிட உதவுவது. தோல் ஷாப்புக்குப் போகவேண்டியதைக் காகிதம்போல் மெல்லிய இமைத்தோலில் ஏன் போடவேண்டும்?

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மஞ்சளடித்த வெள்ளை வேட்டிக்குச் சொட்டுநீலம் போடுகிறோம் அல்லவா? ஒரு நிறத்தை அதன் எதிர்நிறம் அடக்கும் என்பதே அதன் சூட்சுமம். நீலக் கருமையை அடக்குவது ஆரஞ்சு. மாநிறத்தாருக்குப் பீச் நிறக் கரெக்டரும், அடர்நிறத்தாருக்கு ஆரஞ்சு நிறக் கரெக்டரும் பொருந்தும். அதன்மேல் தம் தோலின் நிறத்திலேயே உள்ள கன்சீலர். வெளிர்நிறத்தை எடுத்துக் கருமையின்மேல் பூசினால் சாம்பல் பூத்ததுபோல் ஆகி, மறைக்க நினைத்ததைச் சுட்டிக் காட்டிவிடும். சிவந்த பருவுக்குப் பச்சைக் கரெக்டர் சிறிது. பழுப்பு வடுவுக்குப் பெரும்பாலும் தோல்நிறப் பூச்சே போதும். கடையில் புறங்கையில் தடவிப் பார்க்கிறோம். கையும் முகமும் ஒரே நிறமல்ல. தாடையோரத்தில் தடவி, டியூப்லைட்டை விட்டு வாசலுக்கு வந்து பார்க்கவேண்டும். தயாரித்தவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்படாத குழாயை விலை குறைவென்று எடுக்காதீர்கள்.

பூசும் விதம் எளிது. முகம் கழுவி, ஈரப்பசைக் கிரீம் தடவி, அது தோலில் இறங்கச் சில நிமிடம் விடவேண்டும். பிறகு கருமை உள்ள இடத்தில் மட்டும் கரெக்டரைப் புள்ளிகளாக வைத்து, மோதிர விரலால் ஒற்றவேண்டும், தேய்த்தல் கூடாது. மோதிர விரலுக்கு அழுத்தம் குறைவு, அதனால்தான் அந்த விரல். அதன்மேல் கன்சீலரை மெல்லியதாக ஒற்றி, விளிம்பு தெரியாமல் கலக்கவேண்டும். தடித்துப் பூசினால் சிரிக்கும்போது சுருக்கங்களில் கோடு விழும். முடிவில் பவுடர் துளியளவு. ஒரே குழாயை அக்காள் தங்கைகள் பங்கிட்டுக்கொள்வது பாசத்தின் அடையாளமாக இருக்கலாம். கண்நோய் பரவ அது நல்ல வழியும்கூட.

தொழுகையாளிகள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. எண்ணெயும் மெழுகும் சேர்ந்த இப்பூச்சு தண்ணீர் தோலில் படாமல் தடுக்கும் படலம். 'வாட்டர் ப்ரூஃப்' என்றிருந்தால் சொல்லவே வேண்டாம். அதை நீக்காமல் செய்யும் ஒளு நிறைவேறாது. ஒளுச் செய்துகொண்டு பூசினால் அந்த ஒளு முறியும் வரை தடையில்லை. வலிமா விருந்துக்குப் புறப்படும் சகோதரி அஸர் தொழுதுவிட்டுப் பூசி, ஒளுவைக் காத்து, மஃரிபையும் அதிலேயே தொழுதுகொள்ளலாம். தினமும் கல்லூரிக்குப் பூசிச் செல்பவர் லுஹருக்குக் கலைக்க நேரும் என்பதை எண்ணியே வாங்கவேண்டும்.

பெண் பார்க்க வருவோர்முன் இதைப் பூசலாமா என்று கேட்கும் தாய்மாரும் உண்டு. கண்ணடிக் கருமை ஒரு குறையே அன்று. அதை மறைத்ததால் யாரும் ஏமாறப்போவதில்லை. ஆனால் முகத்தில் பெரிய பிறவி மச்சமோ வெண்புள்ளியோ இருந்து, அதைப் பூச்சால் மூடி நிக்காஹ் வரை கொண்டுபோவது நேர்மையாகாது. பேச்சு தொடங்கும்போதே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதே பெண்ணுக்குப் பாதுகாப்பு. அதை அறிந்தபின் அவள் விரும்பினால் பூசிக்கொள்ளட்டும், விரும்பாவிட்டால் விடட்டும்.

இரவில் கலைக்கும்போது வெறும் சோப்புப் போட்டுத் தேய்ப்பது வீண். எண்ணெயில் குழைந்தது எண்ணெயில்தான் கரையும். சுத்தமான பருத்தித் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்து, கண்மூடி, வெளியிலிருந்து மூக்குப்பக்கமாக மெல்லத் துடைத்து, பிறகு முகம் கழுவவேண்டும். பரு வரும் முகமாயின் எண்ணெயைக் கன்னத்துக்குக் கொண்டுபோகாமல் கண்ணடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.