நான்கு அச்சில் சுருளும் நத்தை

ஒப்பிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம்
குனோங் ராப்பாட், ஈப்போ

வீட்டுத் தோட்டத்து நத்தையின் ஓடு ஒரே அச்சைச் சுற்றி ஒழுங்காகச் சுருண்டிருக்கும். பெரும்பாலான நத்தைகளுக்கு அதுதான் வழக்கம். இரண்டு மில்லிமீட்டரைக்கூட எட்டாத இந்த நத்தையின் ஓடு நான்கு அச்சுகளில் சுருள்கிறது. உருப்பெருக்கியில் பாருங்கள்: சுருள் முந்தைய சுற்றைவிட்டு விலகுகிறது, வளைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது, திரும்பவும் விலகுகிறது. மொத்தம் மூன்று விலகல், இரண்டு ஒட்டல். பார்த்தால் பிறவிக் கோளாறு என்றே தோன்றும். ஆனால் ஓட்டுக்கு ஓடு ஏறக்குறைய இதே வடிவம்தான்; மரபணுக்களின் கட்டுப்பாட்டில் நடக்கும் வளர்ச்சி இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ரூபன் கிளெமென்ட்ஸ் குழுவினர் 2008-இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அறியப்பட்ட எந்த நத்தைக்கும் அதுவரை இத்தனை அச்சுகள் இருந்ததில்லை.

கல்லுமலை முருகன் கோயில் அமைந்த குனோங் சீரோவைப் போல, இந்த நத்தை வாழும் குனோங் ராப்பாட்டும் சுண்ணாம்புக்கல் குன்று. ஓடு கட்டத் தேவையான கால்சியம் இந்தக் கல்லில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. சுற்றிலும் ஈயலம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களுமாக இருந்த கிந்தா சமவெளியைத் தாண்டி அடுத்த குன்றுக்குப் போவது இத்தகைய சிற்றுயிர்களுக்கு மிகவும் அரிது. அதனால் ஒரு குன்றை வெட்டியெடுத்தால் அங்கு மட்டுமே வாழும் உயிரினம் அடியோடு அழிந்துபோகலாம். கிந்தாவின் குன்றுகள் பல, சிமெண்டுக்கும் பளிங்குக்கும் வெட்டப்பட்டு வருகின்றன.