வாடும் பூச்செடியும் விரைவுப் பரிசோதனையும்

நீர் குறைந்தாலும் செடி வாடும்; வேர் அழுகினாலும் வாடும்; பாக்டீரியாக் கிருமி தண்டினுட் புகுந்து நீர் ஏறும் வழியை அடைத்தாலும் வாடும். பார்வைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, பூச்செடி வளர்க்கும் அங்கத்தினர் காரணத்தை விரைந்து அறிதல் அவசியமாகிறது.

2020 ஏப்ரலில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு பசுமைக்குடிலின் ஜெரேனியம் செடிகளில் ரால்ஸ்டோனியா என்னும் வாடல் கிருமியின் கொடிய இனம் உறுதிப்பட்டது. அவை குவாத்தமாலாவிலிருந்து தருவிக்கப்பட்டவை. 2003லும் கென்யாவிலிருந்து வந்த ஜெரேனியத்தோடு இதே இனம் அந்நாட்டில் நுழைந்தது. பூச்செடியோடு நின்றால் அச்சமில்லை. உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்குவதன்றி, குளிர்ந்த பிரதேசத்திலும் பிழைக்கும் இனம் அது. ஆதலால், நோய்ச் செடிகளோடு கலந்து நின்ற செடிகளும் அழிக்கப்பட்டன. வளர்த்தவர்க்கு அது பெருநட்டமே.

முதற் பரிசோதனைக்குக் கண்ணாடித் தம்ளரும் தெளிந்த நீரும் போதும். வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை நறுக்கிக் கழுவி, வெட்டுவாய் நீரில் அமிழுமாறு தொங்கவிட வேண்டும். சில நிமிஷங்களில் பால்போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி இறங்கினால் பாக்டீரியா உள்ளதென அறியலாம். நம் நாட்டில் கத்தரி, தக்காளி வாடலுக்கும் இம்முறை பயன்படுகிறது. ஆயினும், எந்தப் பாக்டீரியா என்பதை இழை சொல்லாது. ஜெரேனியத்தை வாட்டும் சாந்தோமோனாஸ் என்ற வேறொரு கிருமியும் உண்டு.

அடுத்தது பரிசோதனைப் பட்டை. தண்டை அதற்குரிய திரவத்தில் நசுக்கிப் பட்டையை நனைத்தால், சில நிமிஷங்களில் கோடு தோன்றி ரால்ஸ்டோனியா எனக் காட்டும். கொடிய இனமா, சாதாரண இனமா என்று பிரித்துரைக்க அதனாலும் இயலாது. அதற்கு ஆய்வுக்கூடத்தின் பி.சி.ஆர். சோதனையே வேண்டும். பட்டையில் கோடு கண்டவுடன் செய்யத்தக்கது, அத்தொகுதியைத் தனியே நிறுத்தி, விற்பனையை நிறுத்திவைத்து, மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே. கோடு காணாமையால் மட்டும் செடி தூயதெனக் கொள்ளலாகாது. குளிர்ந்த பருவத்தில் கிருமி அறிகுறியின்றிச் செடிக்குள் அடங்கியிருக்கும்.

ஒன்றை இன்ஸ்பெக்டர் என்ற முறையில் வற்புறுத்துகிறோம். 2020ல் அமெரிக்க அதிகாரிகள் அச்செடிகள் சென்ற இடங்களைத் தேடிக் கண்டது அனுப்பீட்டுக் கணக்குகளைக் கொண்டே. கணக்கெழுதுவது வெறும் தணிக்கைக்கென்று எண்ணும் சங்கங்கள் இதனைக் கவனிக்க. எந்தத் தேதியில், எவரிடமிருந்து, எத்தனை குச்சிகள் வந்தன, அவை எந்தப் பாத்தியில் நடப்பட்டன என்பவை பதிவேட்டில் இருத்தல் வேண்டும். குச்சி நறுக்கும் கத்தியையும் ஒரு தொகுதி முடிந்து மறு தொகுதி தொடங்குமுன் கிருமிநாசினியில் தோய்த்தெடுக்க வேண்டும்.