உஷார்! கறுப்பாகப் போனால் அது 'சூடு' இல்லை

மலம் தார்போலக் கறுத்து, பிசுபிசுத்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போகிறதா? "சூடு பிடிச்சிருக்கு, இளநீ குடி மக்கா" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும்தான். ஆனால் ஈரல் சுருங்கியவருக்கு, வயிற்றில் நீர் கோத்தவருக்கு இப்படிப் போனால், உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் கசிகிறது என்றே எண்ணிக் கிளம்புங்கள். ரத்த வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால், வரும்போது மொத்தமாகக் கொட்டும்.

மடை அடைத்த கால்வாய் வரப்பை உடைக்கிற கதைதான். ஈரல் இறுகினால் அதற்குள் போகவேண்டிய ரத்தம் உணவுக்குழாயின் அடிப்பக்கக் குழாய்களில் ஏறுகிறது. குடிதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி கிருமி, கொழுப்பு ஈரல், ஈரலுக்குப் போகும் குழாயில் ரத்தக்கட்டு என்று பலதும் உண்டு. குழந்தைகளுக்கும் வருகிறது.

108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஜெலுசில்கூட வேண்டாம். குமரி மாவட்டத்தார் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையோ, குழித்துறைக்கு அப்பால் உள்ளவர்களுக்குத் திருவனந்தபுரமோ, எங்கே போனாலும் முதல் கேள்வி: "எண்டோஸ்கோப்பியில் பேண்ட் போடும் டாக்டர் இப்போ இருக்காரா?" நிலைமையைச் சீராக்கி 12 மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். அதற்குள் கசிவைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடும், ஆன்டிபயாட்டிக்கும் ஊசியில் ஏறியிருக்க வேண்டும்.

ரத்தம் ஏற்றச் சொல்லி வார்டில் சண்டை போடுவோரைப் பார்க்கிறோம். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் பொதுவாக ஏற்றுவார்கள். அள்ளி ஏற்றினால் அழுத்தம் கூடி, நின்ற ரத்தம் மறுபடி பீறிடும்.

பேண்ட் போடுவது இப்படித்தான்: எண்டோஸ்கோப்பி டியூபின் நுனியில் ஒரு சின்னத் தொப்பி. அதன்மேல் ரப்பர் வளையங்கள். புடைத்த குழாயைத் தொப்பிக்குள் உறிஞ்சி இழுத்து வளையத்தை நழுவவிட்டால், அதன் கழுத்து இறுகிவிடும். இரைப்பையில் புடைத்திருந்தால் பசை ஊசி.

பேண்ட் போட்ட பிறகும் ஆபத்து உண்டு. வளையம் சில நாளில் உதிரும். உதிர்ந்த இடத்தில் புண் இருக்கும். பொரித்த அயிலையும் அப்பளமும் அப்போது ஆகாது. ஆறிய கஞ்சி போதும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, குழாய்கள் அடங்கும்வரை பேண்ட் போட வேண்டும். "ரத்தம் நின்னாச்சுல்லா" என்று அடுத்த தேதிக்குப் போகாதவர்கள்தான் மறுபடி ஆம்புலன்ஸில் வருகிறார்கள். குழாய் அழுத்தத்தைக் குறைக்கத் தரும் புரோப்ரானலால், கார்வெடிலால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் கேட்கும் முன், ஈரல் நோய் இருப்பதைச் சொல்லுங்கள்.