புதன்கிழமை தோறும் திறக்கும் புரதக் களஞ்சியம்

ஒவ்வொரு புதன்கிழமையும் இந்திய நேரப்படி காலை ஐந்தரை மணிக்கு ஒரு சரக்கு வந்து இறங்குகிறது. அதற்கு வாடகை இல்லை, டெமரேஜ் இல்லை, ரசீதைக் காட்டித்தான் டெலிவரி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. பெங்களூரில் பஸ் கண்டக்டர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்று குரல் கொடுக்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியரும் அதை எடுத்துக்கொள்ளலாம், ஓசூரில் பி.எஸ்ஸி. படிக்கும் பையனும் எடுத்துக்கொள்ளலாம்.

சரக்கு என்பது புரத மூலக்கூறுகளின் வடிவங்கள்தான். அந்தந்த வாரம் வெளியீட்டுக்குத் தயாரானவை. ஒரு புரதத்தில் உள்ள ஆயிரக்கணக்கான அணுக்களில் எது எந்த இடத்தில் நிற்கிறது என்ற நுட்பமான கணக்கு அது. இவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் இடத்துக்குப் 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்று பெயர். பேங்க் என்று பெயர் இருந்தாலும் போட்டவருக்கு வட்டி கிடையாது. எடுத்தவர் திருப்பித் தரவும் வேண்டாம்.

புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் புரதம். சர்க்கரை நோயாளி ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் புரதம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து, அந்தச் சங்கிலி மடங்கிச் சுருண்டு, ஒரு தனி உருவம் எடுக்கிறது. அந்த உருவம்தான் அது செய்யும் வேலையைத் தீர்மானிக்கிறது. பூட்டின் உட்புறம் தெரிந்தால்தானே அதற்குச் சாவி செய்ய முடியும்? மருந்து தயாரிப்பவர்களுக்கு இந்த வடிவங்கள் தேவைப்படுவது அதற்காகத்தான்.

ஏழு வடிவங்களுடன் தொடக்கம்

அமெரிக்காவில் நியூயார்க் அருகேயுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆராய்ச்சிக்கூடத்தில் 1971ஆம் ஆண்டு இந்த வங்கி தொடங்கியபோது கையிருப்பு ஏழே வடிவங்கள். துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் பதிந்து, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 2014ல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. 2023 ஜனவரியில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 2003 முதல் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று தரப்பும் கூட்டாக நிர்வகிக்கின்றன. இந்தியாவிலிருந்து போகும் வடிவங்கள் பெரும்பாலும் ஜப்பானின் ஒஸாகாவில் சரிபார்க்கப்பட்டு வந்திருக்கின்றன.

கொடுக்க மனம் வர வேண்டாமா?

எடுப்பது சுலபம். கொடுப்பவர் பாடுதான் பெரும்பாடு.

முதலில் புரதத்தைத் தனியே பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். கல்கண்டு போல நூல் கட்டித் தொங்கவிட்டால் வளர்ந்துவிடும் வஸ்து அல்ல அது. சிறு துளிகளாக நூற்றுக்கணக்கான கரைசல்களில் வைத்துப் பார்த்து, மாதக் கணக்கில் காத்திருந்து, ஒன்றும் வளராமல் மனம் ஒடிந்த மாணவர்கள் உண்டு. வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறைய வைத்து, சில சமயம் பிரான்சில் கிரனோபிளுக்கோ இத்தாலியில் டிரியெஸ்டேக்கோ விமானத்தில் கொண்டுபோய், அங்குள்ள சக்திவாய்ந்த எக்ஸ்-ரே கதிர்களில் காட்டி வர வேண்டும். கிடைக்கும் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டால்தான் அணுக்களின் இடம் தெரியும். ஒரு வடிவத்துக்குச் சராசரியாக ஒரு லட்சம் டாலர் செலவாவதாக மதிப்பிடுகிறார்கள்.

இத்தனை பாடுபட்டதை ஊருக்கு இலவசமாகக் கொடு என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? ஆரம்ப காலத்தில் பலர் கட்டுரையை மட்டும் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டு, அணுக்களின் கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். சக விஞ்ஞானிகளே இதை எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். 1989ல் சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் விதிமுறைகளை வகுத்தது. பின்னர் முக்கியமான விஞ்ஞானப் பத்திரிகைகள், வங்கியில் சேர்க்காத வடிவத்தைப் பற்றிய கட்டுரையை ஏற்பதில்லை என்று முடிவு செய்தன. தர்மசிந்தனை ஒரு பங்கு என்றால், கட்டாயமும் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சேர்த்தவருக்குச் சலுகையும் உண்டு: கட்டுரை வரும் வரை, அதிகபட்சம் ஓராண்டு, வெளியிடாமல் வைத்திருக்கக் கோரலாம்.

கிண்டியில் பிறந்த அளவுகோல்

வந்து சேரும் வடிவம் சரியானதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் தமிழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகிய மூவரும் 1963ல் ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பக்கூடியது. ஆனால் இஷ்டம் போலத் திரும்ப முடியாது. நம் முழங்கை பின்பக்கம் மடங்காததுபோல, சில கோணங்களில் திரும்பினால் ஓர் அணு இன்னோர் அணுவின் மேல் இடித்துவிடும். எந்தக் கோணங்களுக்கு இடமுண்டு, எவற்றுக்கு இடமில்லை என்பதை அவர்கள் கணக்கிட்டு, ஒரு சதுரத்துக்குள் தேசப்படம்போல் வரைந்து காட்டினார்கள். கணக்குக்கு உதவியது மேசைக் கணக்கு யந்திரம்.

உலகில் எங்கிருந்து புரத வடிவம் வந்தாலும் இன்றும் அது 'ராமச்சந்திரன் வரைபட'த்தின் சோதனைக்கு உட்படுகிறது. கண்ணிகள் இடமில்லாத பகுதியில் போய் விழுந்தால் சந்தேகம் எழும். முடிவு, சிவப்பிலிருந்து நீலம் வரையிலான ஒரு பட்டையில் எல்லோரும் பார்க்கும்படி வடிவத்தோடு கூடவே வெளியாகிறது. சிவப்பு மோசம், நீலம் நேர்த்தி.

சோதனை வெறும் சடங்கு அல்ல. ஒரே ஆராய்ச்சியாளர் சேர்த்த பத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் புனையப்பட்டவையாக இருக்கக்கூடும் என்று 2009ல் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகமே அறிவிக்க நேர்ந்தது. கணக்கு பகிரங்கமாகக் கிடந்ததால்தான் மற்றவர்கள் அதை மறுபடி போட்டுப் பார்க்க முடிந்தது.

பெங்களூரின் வேர்க்கடலை

ராமச்சந்திரன் பின்னர் பெங்களூர் வந்து, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பிரிவை நிறுவினார். அதே பிரிவில் பணியாற்றிய எம்.விஜயன், இங்கிலாந்தில் டோரதி ஹாட்ஜ்கினுடன் இன்சுலின் ஆராய்ச்சியில் பங்குகொண்டு திரும்பியவர். அவரது குழுவினர் 1994ல் வெளியிட்டது வேர்க்கடலையில் உள்ள லெக்டின் என்ற புரதத்தின் வடிவம். பசவனகுடித் திருவிழாவில் வாங்கிக் கொறிக்கிறோமே, அதே வேர்க்கடலைதான். புற்றுநோய் செல்களின் மேல் காணப்படும் ஒருவகைச் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் குணம் இந்தப் புரதத்துக்கு உண்டு. சிதம்பரத்தில் பிறந்து 2009ல் நோபல் பரிசு பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் ரைபோசோம் வடிவமும் இதே வங்கியில்தான் இருக்கிறது.

அவசர காலத்தில் வங்கி எவ்வளவு உதவும் என்பதைக் கொரோனா காட்டியது. அந்தக் கிருமியின் முக்கியமான ஒரு நொதியின் வடிவத்தைச் சீன விஞ்ஞானிகள் 2020 ஜனவரி 26 அன்று வங்கியில் சேர்த்தார்கள். பிப்ரவரி 5ஆம் தேதி, புதன்கிழமை, உலகம் முழுவதற்கும் அது திறந்துவிடப்பட்டது. நமது ஊரில் அப்போது முகக்கவசம் என்ற சொல்லே பழக்கத்துக்கு வரவில்லை. அந்த நொதியையே குறிவைக்கும் மாத்திரைக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது.

சங்கிலியின் வரிசையை மட்டும் கொடுத்தால் மடிந்த வடிவத்தைக் கம்ப்யூட்டரே ஊகித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற முறைக்காக 2024ல் ரசாயன நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் எதிலிருந்து நடந்தது? இந்த வங்கியில் கிடந்த சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் வடிவங்களிலிருந்து. கிரனோபிளுக்குப் படிகம் சுமந்தவர்களின் பெயர்கள் பரிசுப் பட்டியலில் வராது. ஆனால் ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும் சேர்த்தவர் பெயர் இருக்கிறது.

ரயில் வண்டிகளுக்கு நம்பர் இருப்பதுபோல ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு எழுத்தில் ஒரு குறி உண்டு. நமது வண்டிகளுக்கு 2010 டிசம்பரில் நான்கு இலக்கம் போதாமல் ஐந்து வந்ததே, அதுபோல இங்கேயும் குறிகள் தீர்ந்துகொண்டு வருவதால் 12 எழுத்துக்கு மாற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வங்கியின் பெயரைத் தேடி, '2பிஇஎல்' என்ற குறியை ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லலாம். வேர்க்கடலைப் புரதம் திரையில் வந்து நிற்கும். விரலால் தள்ளினால் சுழலும்.