டிட்பிட்ஸ்

டிட்பிட்ஸ் என்பது மெக்கின்டாஷ் கணினி பற்றிய செய்திகளைத் தரும் மின்னஞ்சல் வார இதழ் ஆகும். ஆடம் எங்ஸ்ட், டோன்யா எங்ஸ்ட் இணையர் 1990 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து இத்தாகா நகரில் இதைத் தொடங்கினர். அச்சகமோ பெரிய நிறுவனமோ இல்லாமல் தனிநபர்களும் இணையவழி இதழ் நடத்தலாம் என்பதற்கு இது ஒரு முன்னோடி.

வடிவம்

முதல் இதழ்கள் ஹைப்பர்கார்டு மென்பொருளுக்கான கோப்புகளாக வந்தன. மெக்கின்டாஷ் வைத்திருந்தவர்களால் மட்டுமே அவற்றைத் திறக்க முடிந்தது. 1992 சனவரியில் இதழ் 'செடெக்ஸ்ட்' என்னும் வெற்றுரை வடிவத்துக்கு மாறியது. ஒரு வரியின் கீழே சமக்குறிகளை வரிசையாகத் தட்டினால் அது தலைப்பு; சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு உடுக்குறிகள் இட்டால் அது தடித்த எழுத்து. தனி மென்பொருள் எதுவுமின்றி எந்தக் கணினியிலும் இதைப் படிக்கலாம். இன்றைய மார்க்டவுன் குறியீட்டு முறையிலும் செடெக்ஸ்ட் பாணித் தலைப்புகள் உள்ளன.

வருவாய்

இதழ் இலவசமாகவே அனுப்பப்பட்டது; செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனால் அன்றைய இணையத்தின் முதன்மைத் தடமான என்எஸ்எஃப்நெட் அமெரிக்க அரசின் நிதியில் இயங்கியது. அதன் விதிகள் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கவில்லை. 1992 இல் டிட்பிட்ஸ் புரவலர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இதழில் புரவலரைப் பற்றிய சிறு குறிப்பும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் மட்டும் இருக்கும். அம்முகவரிக்கு எழுதினால் விவரங்கள் தானியங்கி மறுமொழியாக வரும். அதாவது, கேட்டவருக்கு மட்டுமே விளம்பரம் சென்றது. இணையத்தின் தொடக்ககால விளம்பரத் திட்டங்களுள் இதுவும் ஒன்று.

2011 இல் வாசகர்களே பணம் செலுத்தி ஆதரிக்கும் உறுப்பினர் திட்டமும் தொடங்கப்பட்டது.