மிட்வைஃபுடன் முதல் சந்திப்பு: மூன்று மாதம் கழியும்வரை காத்திருக்கலாமா?

"மூன்று மாதம் கழியட்டும், பிறகு எல்லாருக்கும் சொல்லுவம்." எமது வீடுகளில் அம்மாமாரும் மாமிமாரும் வழமையாகச் சொல்வது இது. நாவூறு பட்டுவிடும் என்ற பயம் ஒருபுறம், ஏதும் நடந்துவிட்டால் ஊருக்குப் பதில் சொல்லவேண்டுமே என்ற தயக்கம் மறுபுறம். உறவினருக்குச் சொல்லாமல் இருப்பதில் பிழையில்லை. ஆனால் மிட்வைஃபுக்கும் சொல்லாமல் விட்டுவிடுகிறோமே, அங்கேதான் சிக்கல்.

இங்கிலாந்தில் முதலாவது சந்திப்பு 10 வாரத்துக்குள் நடைபெற வேண்டும் என்பது என்.எச்.எஸ். நடைமுறை. வாரக்கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனிக்கும்போதே நான்கு வாரம் போய்விடும். ஆகவே வீட்டில் பரிசோதித்து உறுதியானவுடன் ஜீ.பி.க்கு அழையுங்கள். ஜீ.பி. மூலம் போகாமல் வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பிரிவில் நீங்களே நேரடியாகப் பதிவுசெய்யவும் முடியும். இடையில் இரத்தப்போக்கோ கடும் வயிற்றுவலியோ வந்தால் சந்திப்புத் திகதிவரை பொறுத்திருக்க வேண்டாம். உடனே ஜீ.பி.க்கோ 111க்கோ அழையுங்கள்.

ஏன் இந்த அவசரம்? முக்கிய காரணம் தலசீமியா. இரு பெற்றோரும் இதன் மரபணுவைக் காவுபவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காவுபவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இரத்தம் குறைவு" என்று இரும்புச்சத்துக் குளிசை விழுங்கிக்கொண்டே வருடங்களைக் கடத்தியவர்கள் எம்மிடையே உண்டு. சிலருக்கு உண்மைக் காரணம் இதுவாக இருக்கலாம். தாயின் முடிவு அப்படி வந்தால் தந்தையையும் சோதிப்பார்கள். அதற்கும் பின்னர் யோசித்து முடிவெடுப்பதற்கும் நாட்கள் வேண்டும். 13ஆம் வாரத்தில் போய் நின்றால் அந்த அவகாசம் குறைந்துவிடும்.

சந்திப்பு ஒரு மணித்தியாலம்வரை நீளலாம். இரத்த அழுத்தம், உயரம், நிறை, சிறுநீர், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அன்றைக்கே ஸ்கானில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று போய் ஏமாறுபவர்கள் பலர். ஸ்கான் பெரும்பாலும் 11 முதல் 14 வாரத்துக்குள் வேறொரு நாளில்தான்.

மிச்ச நேரமெல்லாம் கேள்விகள். இவற்றுக்கு வீட்டிலேயே ஆயத்தம் செய்ய வேண்டும். கடைசி மாதவிடாய்த் திகதி, முன்பு கருச்சிதைவோ கருக்கலைப்போ நடந்ததா, ஊரில் செய்த சிகிச்சைகள், சத்திரசிகிச்சைகள், குடிக்கும் மருந்துகள். நாட்டு மருந்து, லேகியம் என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா, அப்பா, சகோதரருக்கு நீரிழிவு உண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவையுங்கள். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட என்பதால் 24 முதல் 28 வாரத்தில் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனைக்கு அழைப்பார்கள். கணவர் இரத்த உறவா என்றும் கேட்பார்கள். மச்சானை முடித்தவர்கள் இதைக் குற்றச்சாட்டாக எடுக்க வேண்டாம்.

இனி மொழி. ஆங்கிலம் போதாவிட்டால் கணவரையோ, பத்து வயது மகளையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். பதிவுசெய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னால் இலவசமாக ஒழுங்குசெய்வார்கள். தொலைபேசி வழியாகவும் இருக்கலாம். முன்பு ஒரு கரு கலைந்தது மாமியாருக்குத் தெரியாது என்றால், மாமியார் அருகில் இருக்க அந்தக் கேள்விக்கு எப்படி உண்மையைச் சொல்வது? தனியாகச் சொல்ல வேண்டியிருந்தால் மிட்வைஃபிடம் கேளுங்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா என்றும் பெண்ணிடம் தனியே விசாரிப்பார்கள். கணவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வது அதற்காகத்தான். எல்லோரிடமும் கேட்பதுதான், கணவர்மார் கோபிக்க வேண்டாம்.

சந்திப்புக்கு முன்னரே தொடங்க வேண்டியது போலிக் அமிலம், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், 12ஆம் வாரம்வரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைவிடக் கூடிய அளவு வேண்டும், அதற்கு ஜீ.பி.யின் மருந்துச்சீட்டுத் தேவை. விற்றமின் டீ 10 மைக்ரோகிராமும் எடுங்கள், எமது நிறத்துக்கு இங்கத்தைய வெயில் காணாது. ஈரலைத் தவிருங்கள். சுறாவும் வேண்டாம், அதில் பாதரசம் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறா வறை கொடுப்பது எமது வழக்கம்தான். கர்ப்பகாலத்தில் அதற்கு இடமில்லை. பாலூட்டும் காலத்திலும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்பதே இங்குள்ள ஆலோசனை.

எழுந்து வருமுன் மகப்பேற்றுக் கட்டண விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துத் தரும்படி மிட்வைஃபிடம் கேளுங்கள். அது கையில் இருந்தால் பிள்ளை பிறந்து 12 மாதம்வரை மருந்துச்சீட்டுக்கும் என்.எச்.எஸ். பல் வைத்தியத்துக்கும் காசு கட்டத் தேவையில்லை.